பிப்ரவரிக்காரர்

மே மாதம் பிறந்து, லண்டன் மரங்களெல்லாம் துளிர்த்து, அலுவலகத்தில் முதல் அரைக்கைச் சட்டை தலைகாட்டும் நாளில், ஒரே ஒரு மனிதர் மட்டும் கணினித் திரையில் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவிட்சர்லாந்தில் ஏதோ ஒரு கேபிள் கார் நிலையத்தின் கூரையில் வைத்த கேமரா அது. நேற்று முழுக்க வெள்ளையாக இருந்த சரிவில் இன்று பழுப்பாக ஒரு திட்டு தெரியும். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிதாக ஓர் எக்செல் கோப்பைத் திறந்து, அடுத்த வருடத்தின் எண்ணை அதற்குத் தலைப்பாக இடுவார்.

இவரைத்தான் நான் பிப்ரவரிக்காரர் என்கிறேன். இது ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். லண்டனில் கொஞ்சம் பெரிய அலுவலகம் எதற்குப் போனாலும் ஒருவராவது அகப்படுவார். வருடத்தில் ஐம்பத்தொரு வாரம் கணக்காளராகவோ வக்கீலாகவோ இருந்துவிட்டு, பள்ளிக்கூடங்களுக்கு அரைப்பருவ விடுமுறை விடுகிற அந்த ஒரு பிப்ரவரி வாரத்தில் மட்டும் மனிதராக இருப்பவர். அந்த வாரம் ஆல்ப்ஸ் மலையில், பெரிய ஓட்டலில், காலில் இரண்டு பட்டையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார். மீதி நாளெல்லாம் அதற்கு ஏற்பாடு செய்வார்.

நம் ஊரில் சபரிமலைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இவரைப் புரிந்துகொள்வது சுலபம். மாலை போடாத குறைதான். விரதம் உண்டு, இருமுடி உண்டு, கன்னிசாமிகளை மிரட்டும் குருசாமித்தனமும் உண்டு. "முதல் தடவையா? முட்டி ஜாக்கிரதை" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு கருணை இருக்கும், அந்தக் கருணைக்குள் ஒரு சந்தோஷமும் இருக்கும். எனக்குத் தெரிந்த பிப்ரவரிக்காரருக்கு அது பதினெட்டாவது வருடம். தென்னங்கன்று நட வேண்டிய வருடம் என்று சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை.

முதலில் நாள் குறிக்க வேண்டும். இங்கிலாந்துப் பள்ளிகளின் விடுமுறை வாரம் கிட்டத்தட்ட நிலையானது. ஆனால் பிரான்சு நாட்டைப் பள்ளி விடுமுறைக்காக ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குளிர்கால விடுமுறை ஒவ்வொரு மண்டலத்துக்கும் வெவ்வேறு வாரம் தொடங்கும், அது வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும். சி மண்டலத்தில் பாரிஸ் இருக்கிறது. ஆகவே சி மண்டலம் நம் வாரத்தோடு சேர்ந்தால் சனி பார்வை. இதோடு சுவிட்சர்லாந்தின் மாநிலங்கள், நெதர்லாந்து, பெல்ஜியம் என்று எல்லாருடைய நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக் குழந்தை எந்த நாளில் எந்த லிஃப்ட் வரிசையில் நிற்கும் என்று இவர் கணித்துவிடுவார். எங்கள் ஊர் ஜோசியர்கூட இத்தனை கிரகத்தைப் பார்த்து முகூர்த்தம் வைத்ததில்லை. ராகுகாலமும் உண்டு. ஆல்ப்ஸில் பெரும்பாலான தங்குமிடங்கள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கைமாறுகின்றன. அன்று போகிறவன், வருகிறவன் எல்லாரும் ஒரே மலைச்சாலையில்தான். ஒரு வருடம் ஜெனீவாவிலிருந்து காரில் போய், கூர்ஷவேலுக்கு ஏறும் வழியில் மூத்தியே ஊருக்குக் கீழே ஐந்து மணி நேரம் நின்றதை அவர் கார்கில் போருக்குப் போய் வந்தவர் மாதிரி சொல்வார்.

நாள் குறித்த பிறகு ஊர். இது பெண் பார்க்கும் படலம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறை.

கூர்ஷவேல் பணக்கார வீட்டுப் பெண். மூன்று பள்ளத்தாக்குகளைச் சேர்த்து 600 கிலோமீட்டர் சறுக்குப்பாதை. மலைச்சரிவிலேயே ஒரு குட்டி விமான நிலையம் இருக்கிறது, அதன் ஓடுதளம் மொத்தமே 537 மீட்டர், அதுவும் மேட்டைப் பார்த்து ஏறுகிற தளம். ஆனால் அந்த ஊரின் மேல்பகுதிக்குப் பெயரிலேயே 1850 என்று உயரத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். உண்மையான உயரம் நூறு மீட்டர் போலக் குறைவு. "உயரத்தில் பொய் சொல்கிறவர்கள் மது விலையில் என்ன சொல்வார்கள்?" என்பது நம்மவர் கேள்வி. தனக்கே ஐந்தடி எட்டங்குலத்தைப் பத்தங்குலம் என்று சொல்லும் பழக்கம் இருப்பதை அவர் மறந்துவிடுவார்.

சான் மோரிட்ஸ் பழைய ஜமீன். குளிர்காலச் சுற்றுலா என்பதே அங்கேதான் பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையை பிப்ரவரிக்காரர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 1864 இலையுதிர்காலம். யோகானஸ் பட்ருட் என்ற ஓட்டல் முதலாளி, கோடை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர்களிடம், "குளிர்காலத்திலும் வந்து பாருங்கள். இங்கே நல்ல வெயில் அடிக்கும். பொய்யென்றால் உங்கள் வழிச்செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து வசந்தம் வரை கிளம்பவே இல்லையாம். விருந்தாளி நாலு மாதம் டேரா போட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஒரே குடும்பம் அதுவாகத்தான் இருக்கும். 1928, 1948 என்று இரண்டு குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயம் விடுகிறார்கள். எல்லாம் சரி, "ஆனால் அங்கே பாதிப்பேர் பனியில் இறங்குவதே இல்லை, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறார்கள்" என்று இவர் உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பாதிப்பேரில் தானும் ஒருவராகிவிடுவோமோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கிறது.

கடைசியில் வருவது ஸெர்மாட். மேட்டர்ஹார்ன் மலை 4,478 மீட்டர், ஜன்னலைத் திறந்தால் நிற்கும். ஊருக்குள் கார் விடமாட்டார்கள். கீழே டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறித்தான் போக வேண்டும், உள்ளே அலுமினியப் பெட்டி மாதிரி மின்சார வண்டிகள்தான் ஓடும். "1,800 மீட்டருக்குக் கீழே தங்குவது மகா பாவம், பனிக்கு உத்தரவாதம் கிடையாது" என்று வருடம் முழுக்கப் பிரசங்கம் செய்தவர், 1,600 மீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஸெர்மாட்டை முடிவு செய்ததும் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவருவார்: "மேலே பனியாறு இருந்தால் கணக்கில்லை."

எக்செல் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு தாள்கள். சறுக்குப்பாதைகளுக்கு ஐரோப்பாவில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்ற நிறம் உண்டல்லவா, அதே நிறங்களைத் தன் வேலைகளுக்கும் பூசி வைத்திருப்பார். விமான டிக்கெட் பச்சை. லிஃப்ட் பாஸ் நீலம். கையுறை, கண்ணாடி, மெரினோ கம்பளியில் உள்ளாடை எல்லாம் சிவப்பு. ஃபிண்டல்ன் கிராமத்து மலைக்குடில் உணவகத்தில் மேட்டர்ஹார்னைப் பார்த்தபடி மத்தியானச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேருக்கு மேசை பிடிப்பது கறுப்பு. மொத்தக் கோப்பிலும் கறுப்பு நிறம் பூசிய மனிதப் பெயர் ஒன்றே ஒன்றுதான். மைத்துனர்.

மைத்துனர் எதையும் முன்கூட்டிச் சொல்லாதவர். வருவேன் என்பார், பார்ப்போம் என்பார், ஜனவரி முடிகிற நேரத்தில் "இன்னும் இடம் இருக்கா?" என்று ஒரு வரி அனுப்புவார். வருகிறபோது ஒரு கையுறையோடு வருவார். யாரோ கடைசி நிமிஷத்தில் ரத்து செய்த அறை, இவர் கொடுத்ததில் பாதி விலைக்கு, இவர் அறையைவிட நல்ல ஜன்னலோடு அவருக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் கிடைக்கும். பிப்ரவரிக்காரரின் கடவுள் நம்பிக்கை ஆட்டம் காணும் இடம் அது.

இனி ஓட்டலா, ஷாலேயா என்ற தர்க்கம். ஷாலே என்றால் மரவீடு முழுவதையும் வாடகைக்கு எடுப்பது. சமைத்துப் போட ஆள் உண்டு. சறுக்கிவிட்டு நாலு மணிக்குத் திரும்பினால் மேசையில் கேக் இருக்கும். கேட்கச் சொர்க்கம்தான். ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரி சமையல்காரருக்கு விடுமுறை, அந்த ஒரு ராத்திரிச் சோற்றுக்கு எங்கே போவது என்று ஆறு மாதம் யோசிப்பார்கள். மேலும் எந்த ஷாலேயிலும் ஓர் அறை மட்டும் சின்னதாக இருக்கும். அதில் யார் படுப்பது என்ற கேள்வியில் இருபது வருடச் சிநேகிதம் முறிந்திருக்கிறது. ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றால் பணத்தோடு போகிறது.

செப்டம்பரில் விரதம் தொடங்கும். முதுகைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, தொடை நடுங்க நிற்பார். எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குக் கொடுத்த தண்டனை இது. இவர் அதைத் தொலைபேசிக் கூட்டங்களின் நடுவே தானாக விரும்பிச் செய்கிறார். காலாண்டு விற்பனைக் கணக்கை அவர் வாசித்தபோது குரல் தழுதழுத்ததைக் கேட்டு, கம்பெனி நிலவரம் அவ்வளவு மோசமா என்று ஒரு வாடிக்கையாளர் பதறிப்போனார்.

அக்டோபரில் காலணி. ஸ்கீ பூட் என்பது செருப்பு வகையில் சேராது. அது பிளாஸ்டிக்கில் செய்த விலங்கு. அதன் விறைப்புக்கு ஓர் எண் உண்டு, கற்றுக்குட்டி ஆண்களுக்கு 80, 90 என்பார்கள், கைதேர்ந்தவர்களுக்கு 120, 130. எண் ஏற ஏறக் கணுக்கால் அசையாது. நம்மவர் 130 வாங்கியிருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவரைப் பார்த்தால், புதுச் செருப்போடு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நடப்பது ஓட்டப்பந்தயமாகத் தோன்றும். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கணும்" என்றார்.

அதைவிடப் பெரிய சோதனை பைண்டிங். பூட்டைப் பட்டையோடு இணைக்கிற கொக்கி அது. விழுந்தால் காலை விட்டுவிட வேண்டும், விழாதபோது விட்டுவிடக் கூடாது. எத்தனை அழுத்தத்தில் விட வேண்டும் என்று திருகி வைக்க ஓர் அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், பூட்டின் நீளம், வயது, சறுக்கும் விதம் எல்லாம் கேட்பார்கள். விதத்துக்கு மூன்று கட்டம்: நிதானமாகப் போகிறவர், நடுத்தரம், பாய்ந்து போகிறவர். இவர் மூன்றாவதில் டிக் அடிப்பார். கடைப்பையன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் வயது என்ற கட்டத்துக்குத் தப்ப முடியாது. ஐம்பது தொட்டவர்களுக்குத் திருகை ஒரு படி தளர்த்த வேண்டும் என்பது அட்டவணையின் விதி. ஒன்பது வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கும் அதே தளர்வுதான். பாய்ந்து போகிறவர் என்று கையெழுத்திட்ட மனிதரை ஒரு சின்ன அட்டவணை ஒன்பது வயதுப் பிள்ளையோடு ஒரே வரிசையில் உட்காரவைத்த அன்று மாலை, அவர் யாரோடும் பேசவில்லை.

இந்தச் சோகத்தை அவர் சரித்திரத்தால் ஆற்றிக்கொள்வார். பிப்ரவரிக்காரருக்கு ஓர் ஆழ்ந்த நம்பிக்கை உண்டு: ஆல்ப்ஸ் மலையைக் கடவுள் படைத்தார், அதை ஆங்கிலேயர் உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் 1894இல் இரண்டு உள்ளூர்ச் சகோதரர்களின் துணையோடு டாவோஸிலிருந்து மலை தாண்டி அரோசாவுக்குச் சறுக்கிப் போனார். அங்கே ஓட்டல் பதிவேட்டில் அவர் தொழிலை எழுத வேண்டிய இடத்தில் உடன் வந்தவர் 'விளையாட்டு வீரர்' என்று, எழுத்துப் பிழையோடு ஆங்கிலத்தில் எழுதிவைத்தாராம். இந்தக் கதையை நம்மவர் கண் பனிக்கச் சொல்வார். அந்த மலையில் பிறந்து வளர்ந்து, வழியைக் காட்டி, கூடவே சறுக்கிய சகோதரர்களின் பெயர் மட்டும் அவருக்கு ஞாபகம் வராது. பிராங்கர் என்று நான் எடுத்துக்கொடுப்பேன்.

அடுத்து ஆர்னால்ட் லன். இன்று ஒலிம்பிக்கில் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்குகிறார்களே, அந்த ஸ்லாலம் பந்தயத்துக்கு நவீன விதி வகுத்து 1922இல் மூரன் என்ற சுவிஸ் கிராமத்தில் நடத்திக் காட்டியவர். "அசல் ஆங்கிலேயர்!" என்று இவர் மேசையைத் தட்டினார். அன்றுதான் பல நாளாகக் கையில் வைத்திருந்த துருப்பை இறக்கினேன். ஆர்னால்ட் லன் பிறந்தது 1888இல், மதராஸில். அவருடைய அப்பா ஹென்றி லன் மெதடிஸ்ட் சபை ஊழியத்துக்காக அங்கே வந்திருந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் சீக்கிரமே ஊர் திரும்பி, மதப் பிரசாரத்தை விட்டுச் சுற்றுலாத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயரைக் கூட்டம் கூட்டமாகப் பனிக்கு ஏற்றினார். "ஆகக்கூடி உங்கள் விளையாட்டின் விதியை வகுத்தவர் எங்கள் ஊரில் பிறந்தவர்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். மதராஸ் வெயிலுக்குப் பயந்து ஓடிய குடும்பம் நேரே பனியில்தான் நிற்கும் என்பதைத் தவிர அதில் வேறு சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. அந்த மதராஸ் செய்திக்குப் பரிசாகத்தான், "இந்த வருஷம் நீங்களும் வாங்க" என்றார். எக்செல்லில் எனக்கு ஒரு வரி கிடைத்தது. நிறம் பூசவில்லை, இன்னும் முடிவாகவில்லை போலிருந்தது.

போனோம். ஏற்பாடெல்லாம் பிசகில்லாமல் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரயில் நிமிஷம் தவறாமல் வந்தது, மின்சார வண்டி வாசலில் நின்றது, அறையில் பழத்தட்டு இருந்தது. மேட்டர்ஹார்ன் மட்டும் இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டிய மாதிரி ஒரு வெண்மை. அவர் ஜன்னலோரமாக நின்று, கைபேசியில் மேட்டர்ஹார்ன் படத்தை எடுத்து, அது எங்கே இருக்கும் என்று விரலால் அளந்து காட்டினார்.

மூன்றாம் நாள்தான் வானம் திறந்தது. ஐரோப்பாவிலேயே உயரமான கேபிள் கார் நிலையம் அங்கேதான் இருக்கிறது, 3,883 மீட்டரில். அங்கிருந்து எல்லை தாண்டி இத்தாலிக்குச் சறுக்கி இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அவர் திட்டத்தின் மகுடம். காற்று பலத்தால் திரும்பி வரும் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், பிறகு இத்தாலியிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் டாக்ஸியில் வர வேண்டும் என்று எச்சரித்து, அதற்கென்றே ஒரு தாள் வைத்திருந்தார். அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, காற்றின் வேகத்தை மூன்று இடத்தில் ஒப்பிட்டு, போக வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். மைத்துனர் எதையும் படிக்காமல் போய், பாஸ்தா சாப்பிட்டு, கடைசி லிஃப்டில் சாவகாசமாகத் திரும்பி வந்தார்.

பிப்ரவரிக்காரர் சறுக்குவதை அன்று பார்த்தேன். மோசமில்லை. வரவு செலவுக் கணக்கு மாதிரி சறுக்கினார். ஒவ்வொரு திருப்பமும் சரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி, எங்கும் துணிந்து ஒரு வளைவு இல்லை. அப்போது பக்கத்தில் சிவப்புச் சட்டையில் ஓர் உருவம், தண்ணீர் சாய்வில் இறங்குவதுபோல, ஒரு சத்தமுமில்லாமல் போயிற்று. அவருடைய மனைவி. ஆறு வயதில் கற்றுக்கொண்டதாம். இந்த ஊர் எத்தனை மீட்டர் என்றுகூட அவருக்குத் தெரியாது, பதினெட்டு வருடத்தில் எக்செல்லை ஒரு தடவையும் திறந்ததில்லை. இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு வெந்நீர்க் குளத்துக்குப் போய்விடுவார்.

நான் விழுந்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீலப் பாதையில் விழுந்தேன். மூன்று வயதுக் குழந்தைகள் சுற்றிக்கொண்டு போயின.

கடைசி நாள் மத்தியானம், ஒரு நடுவழி உணவகம். நான் கொஞ்சம் தள்ளி நின்று வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன், தமிழில், சத்தமாக. சமையலறைக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும்.

"இந்தியாவோ அண்ணை?"

சுவிட்சர்லாந்தில் ஐம்பதாயிரம் போலத் தமிழர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களில் நிறையப் பேருக்கு முதல் வேலை கொடுத்தது ஓட்டல் சமையலறைதான். யாழ்ப்பாணம், சாவகச்சேரிப் பக்கம் என்றார். எங்கள் மேசைக்கு வந்த ரோஷ்டியை, உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி மொறுமொறுவென்று வார்ப்பார்களே, அதை அவர்தான் வார்த்திருந்தார். சுவிஸ் தேசத்தின் பெருமைக்குரிய பண்டம் என்று பிப்ரவரிக்காரர் அப்போதுதான் மேசையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க சறுக்குவீங்களா?" என்றேன்.

"முப்பது வருசமா இஞ்சைதான் இருக்கிறன். ஒருநாளும் அந்தக் கட்டையில கால் வைக்கேல்லை." கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். சரிவில் ஒருவர் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். "எனக்கு விளங்காத ஒண்டு அண்ணை. இவையள் ஏன் இவ்வளவு காசும் குடுத்து, இவ்வளவு தூரம் வந்து, விழுந்து விழுந்து எழும்பினம்?"

என்னிடம் பதில் இல்லை. கையை அழுத்திப் பிடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை.

மேசைக்குத் திரும்பினால் பிப்ரவரிக்காரர் ஆவலோடு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "உள்ளூர்க்காரரா? முப்பது வருஷமா? பனியைப் பத்தித்தானே ஏதோ சொன்னார்? கையைக் காட்டினாரே, என்ன சொன்னார்?"

பதினெட்டு வருடம். பதினான்கு தாள். 130 விறைப்பில் விலங்கு. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பின்பனி நல்லா இருக்காம். அடுத்த வருஷம் ஒரு வாரம் தள்ளி வரலாம்னு சொல்றார்."

கைபேசியை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டார். போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பிப்ரவரி மூணாவது வாரம் போகாதே, நாலாவதுதான் சரி. ஸெர்மாட்டில் மலையிலேயே முப்பது வருஷம் இருக்கிற ஒருத்தர் என்னிடமே சொன்னார்."